அட்டலாண்டா வென்றது அதிர்ஷ்டத்தால் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 மே 24, வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையில், ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைக் கால்பந்துக் கோப்பையான யூரோப்பா லீக்கின் இறுதிப் போட்டிச் செய்தி வந்திருந்தது. இத்தாலியின் அட்டலாண்டாவும் ஜெர்மனியின் லெவர்குசனும் மோதிய ஆட்டம். ‘51 ஆட்டங்களாகத் தோல்வி காணாத லெவர்குசன் வீழ்ந்தது, அதிர்ஷ்டம் கைகொடுக்க அட்டலாண்டாவுக்குக் கோப்பை’ என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் லெவர்குசன் பயிற்சியாளர் சாபி அலோன்சோ. ஜெயித்தவர்களின் முகம் ஒன்றுகூட இல்லை. மூன்று கோலையும் அடித்த அடெமோலா லுக்மனுக்குக் கடைசி வரியில்தான் இடம், அதுவும் ‘இங்கிலாந்து வீரர்’ என்று. அவர் லண்டனில் பிறந்தவர்தான், 2017இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இங்கிலாந்துக்காக வென்றவர்தான். ஆனால் இப்போது ஆடுவது நைஜீரியாவுக்கு. இந்தப் பிப்ரவரியில்தான் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிப் போட்டியில் ஆடினார்.

3-0 என்ற கணக்கில் அதிர்ஷ்டம் எங்கிருந்து வந்தது ஐயா? 12ஆவது நிமிடத்தில் அட்டலாண்டாவின் ஸப்பகோஸ்டா கோல் முன்னால் தட்டிவிட்ட பந்தை லெவர்குசனின் பலாசியோஸ் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து லுக்மன் முந்தி வந்து அடித்துவிட்டார். 26இல் லெவர்குசனின் ஷாக்காவின் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிக்கொண்டு போய், பெனால்ட்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே தூரத்து மூலைக்கு வளைத்தார். 75இல் இடது காலால் மேல் மூலைக்கு ஒன்று. யூரோப்பா லீக் என்று பெயர் மாறிய பிறகு இந்தக் கோப்பையின் இறுதியில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆள் அவர்.

நான் குமரி மாவட்டக் கடற்கரையில் பந்தாடி வளர்ந்தவன், எப்போதும் பேக், அதாவது தடுப்பாட்டக்காரன். அட்டலாண்டா பயிற்சியாளர் காஸ்பெரினியின் ஆட்டம் ஆளுக்கு ஆள் பிடிப்பது. எதிராளி எங்கே போனாலும், மைதானத்தின் அந்தக் கோடி வரை போனாலும், கூடவே போக வேண்டும். ஒருவர் அசந்தால் மொத்த அணியும் திறந்துகொள்ளும். கோயில் திருவிழா டோர்னமென்ட்டில் அப்படி ஆடச் சொன்னால் அரைமணி நேரத்தில் எங்களுக்கு நாக்கு தள்ளிவிடும். அதைத் தொண்ணூறு நிமிடமும் ஆடி, அந்த லெவர்குசனை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. 2016 முதல் ஒரே பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த வித்தை இது.

அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டுமென்றால் லெவர்குசன் வந்த வழியைப் பாருங்கள். அஜர்பைஜானின் காராபாக் அணியிடம் 0-2 என்று பின்தங்கி, 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த சில நிமிடங்களில் ஷிக் அடித்த இரண்டு கோல்களால் பிழைத்தார்கள். அரையிறுதியில் ரோமாவிடம் சொந்த ஊரிலேயே 0-2. 97ஆவது நிமிடத்தில்தான் சமன். ஆனாலும் அதை அதிர்ஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி மூச்சுவரை ஓடுகிறவனுக்குத்தான் கடைசி நிமிட கோல் வரும். அவர்களுக்குக் கொடுத்த அந்த மரியாதையை இவர்களுக்கும் கொடுத்திருக்கலாம்.

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் அல்ல. ஏப்ரலில் லிவர்பூலை அதன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் அட்டலாண்டா 3-0 என்று வென்றபோதும் உங்கள் செய்தி முழுக்க லிவர்பூல் பயிற்சியாளர் க்ளோப்பின் வருத்தம்தான். இரண்டு கோல் அடித்த ஸ்கமாக்கா யார் என்று ஒரு வரி இல்லை. போர்ச்சுகல் சாம்பியன் ஸ்போர்ட்டிங்கை இந்த சீசனில் நான்கு முறை சந்தித்து ஒருமுறைகூடத் தோற்காதது, பிரான்சின் மார்செய்யை 3-0 என்று வெளியேற்றியது, எதுவும் உங்கள் பக்கத்துக்கு எட்டவில்லை. 2020 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் 90ஆவது நிமிடம் வரை முன்னிலையில் இருந்துவிட்டு பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்களே, அன்றைக்கும் ‘நெய்மார் அணி அரையிறுதியில்’ என்பதோடு முடித்துவிட்டீர்கள்.

அந்த 2020இல் அட்டலாண்டாவின் ஊரான பெர்கமோ எந்த நிலையில் இருந்தது என்பது தங்களுக்குத் தெரியாததா? சுமார் 1,20,000 பேர் வாழும் ஊர். பிப்ரவரி 19 அன்று வலென்சியாவுடனான ஆட்டத்துக்கு ஊரே கிளம்பி மிலான் போனது. 4-1 என்று ஜெயித்துக் கொண்டாடியது. ஒரு மாதத்துக்குள், கொரோனாவில் இறந்தவர்களின் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் வரிசையாக வெளியூருக்கு ஏற்றிச் சென்றன. அந்த லாரிகளின் படத்தை உங்கள் முதல் பக்கத்தில் பார்த்ததை நான் மறக்கவில்லை. 1963இல் இத்தாலியக் கோப்பை வென்ற பிறகு 61 ஆண்டுகளாகப் பெரிய கோப்பை ஒன்றுமே கிடைக்காத ஊர் அது. ஒரு வாரத்துக்கு முன்புகூட யுவென்டஸிடம் இத்தாலியக் கோப்பை இறுதியில் தோற்றது. 66 வயதில் காஸ்பெரினிக்கு இதுதான் பயிற்சியாளராக முதல் பெரிய கோப்பை. சாவுச் செய்திக்கு முதல் பக்கம் கொடுத்த நீங்கள், அந்த ஊர் சிரித்த நாளில் கீழ் மூலையைக் கொடுத்தீர்கள். அதே பக்கத்தில் சேப்பாக்கம் ஆடுகளம் எப்படி இருக்கும் என்று ஐபிஎல்லுக்கு அரைப்பக்கம். கிரிக்கெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. லுக்மன் நைஜீரிய வீரர் என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அப்புறம், வரும் மே 29ஆம் தேதி ஏதென்ஸில், ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீக்கின் இறுதி, கிரீஸின் ஒலிம்பியாகோஸ் – இத்தாலியின் ஃபியோரென்டினா. 2024இன் இந்த இறுதிக்கு முன்பு வரை எந்த கிரேக்க கிளப்பும் ஐரோப்பியக் கோப்பை வென்றதில்லை. இஸ்ரேலின் மக்காபி டெல் அவிவிடம் சொந்த மைதானத்தில் 1-4 என்று தோற்றுவிட்டு, அடுத்த ஆட்டத்தில் 6-1 என்று திருப்பிக் கொடுத்து வந்திருக்கிறது ஒலிம்பியாகோஸ். இரண்டு அணிகளும் யாரை வென்று இறுதிக்கு வந்தன என்று ஒரு சிறிய பெட்டிச் செய்தியாவது போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
குளச்சல்.