உயிலில் மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிலில் மருத்துவமனைக்கென்று சொத்தில் ஒரு பங்கை ஒதுக்குவோர் பெரும்பாலும் அதை ஒரு கருவிக்கோ, நோயாளிகளுக்கான கட்டடத்துக்கோ என்று எழுதிவைக்கிறார்கள். அந்தப் பங்கில் ஒரு பகுதியையாவது அங்கே பணிபுரிவோரின் ஓய்வறை, உடைமாற்றும் அறை, கழிப்பறை ஆகியவற்றுக்கு என்று குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உயில்வழி வந்த பணத்தில் மருத்துவமனை எழும்புவது புதிதன்று. ஜான் அடன்புரூக் என்ற ஆங்கில மருத்துவர் 1719-இல் இறந்தபோது விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 பவுண்டு பணத்தைக் கொண்டு, 1766-இல் கேம்பிரிட்ஜில் அவர் பெயரிலேயே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அமெரிக்க வணிகர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1873-இல் மறைந்தார். அவர் உயிலால் உருவான பால்டிமோர் மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை இத்தகைய கொடைகளில் பணியாளர்களைப் பற்றிய பேச்சு குறைவு. ஸ்கேன் கருவியின் மேல் பெயர்ப்பலகை பொறிக்க முன்வருவோர் பலர். செவிலியர் கழிப்பறைக்குத் தம் பெயரைத் தர யாருக்குத்தான் மனம் வரும்?

மருத்துவமனை நிர்வாகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரவுப் பணிக்கு வரும் செவிலியர்கள் மருந்துக் கிடங்கின் ஓரத்தில், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே கட்டிய பழைய படுக்கை விரிப்பின் மறைவில் சீருடை மாற்றுவார்கள்; ஒரு லாக்கரை மூவர் பகிர்ந்துகொள்வார்கள்; நள்ளிரவில் கால் நீட்ட நினைப்பவருக்குக் காலியான சலைன் பெட்டிகளே இருக்கை. துப்புரவுப் பணியாளர்களுக்கு அந்த மறைவும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே துடைப்பங்களோடுதான் அவர்கள் பைகளும் கிடக்கும். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா மருத்துவமனை ஒன்றில், நீண்ட பணிக்கிடையே கருத்தரங்கக் கூடத்தில் ஓய்வெடுத்த பயிற்சி மருத்துவர் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கைத் தாமாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், பணியிலிருப்போருக்குப் போதிய ஓய்வறைகள் இல்லாததையும் சுட்டிக்காட்டித்தான் தேசியப் பணிக்குழுவை அமைத்தது.

நோயாளிக்குத் தர வேண்டியதைப் பணியாளருக்குத் திருப்பலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் செயல்திறன் அளவுக்குக் குறைந்துவிடுவதாக ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடுபவர் அந்த நிலையில் இருந்தால் இழப்பு யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய தேவைக்கு உயில்வழிக் கொடை நன்கு பொருந்தும். ஒரே தடவையாக வரும் தொகையைச் சம்பளத்துக்குச் செலவிட்டால் அடுத்த ஆண்டு கை வெறுமையாகிவிடும். ஆனால் சன்னலும் உள்தாழ்ப்பாளும் கட்டிலும் குளியலறையும் கொண்ட ஓர் அறையைக் கட்டி, மீதத்தை வைப்புநிதியாக்கி அதன் வட்டியில் பராமரித்தால், பல ஆண்டுகளுக்குப் பயன்படும். பராமரிப்புக்கு ஒதுக்காமல் கட்டிய அறைகள் சில ஆண்டுகளிலேயே உடைந்த நாற்காலிகளின் கிடங்காக மாறுவதையும் பார்த்திருக்கிறேன்.

உயிலின் வாசகத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் உயில், எக்ஸ்ரே படச்சுருள் கழுவும் கருவி வாங்குவதற்கென்றே ஒரு தொகையை விட்டிருந்தது. பணம் வந்து சேர்ந்தபோது மருத்துவமனை டிஜிட்டல் முறைக்கு மாறியிருந்ததால், வேறு நோக்கத்துக்குச் செலவிட அனுமதி பெறுவதற்கே நீண்ட காலம் பிடித்தது. ஆகவே, இன்ன பொருள் என்று இறுக்கிக் கட்டாமல், “பணியாளர்களின் ஓய்வு, தூய்மை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான வசதிகளுக்கு, அது இயலாதபோது மருத்துவமனையின் பொதுத் தேவைகளுக்கு” என்று எழுதுவது நல்லது. விலைவாசி ஏறஏறக் குறிப்பிட்ட தொகை சிறுத்துவிடும் என்பதால், மற்றவர்களுக்கு உரியவை போக எஞ்சும் சொத்தில் இத்தனை பங்கு என்று குறிப்பிடலாம். எந்த அறக்கட்டளை அல்லது நிறுவனம் பணத்தைப் பெற வேண்டுமோ அதன் பதிவுபெற்ற முழுப்பெயரும் உயிலில் இருக்க வேண்டும். மருத்துவமனையை மக்கள் அழைக்கும் பெயர் மட்டும் போதாது.

இதில் மருத்துவமனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. படுக்கையில் இருக்கும் நோயாளியிடம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. பணியாளர் எவரும் அத்தகைய உயிலில் சாட்சிக் கையெழுத்திடக் கூடாது. சாட்சியாக நிற்பவருக்குத் தரப்படும் கொடை பல நாட்டுச் சட்டங்களில் செல்லாது என்பதோடு, நோயாளியை வற்புறுத்தி எழுதி வாங்கியதாகப் பின்னாளில் வழக்கு வந்தால் கொடை முழுவதுமே முடங்கிப்போகும்.

இவையெல்லாம் நிர்வாகத்தின் கடமை, கொடையாளியின் தலையில் ஏன் சுமத்த வேண்டும் என்ற மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். சட்டப்படி இருக்க வேண்டிய கழிப்பறையையும் காவலையும் தீயணைப்பு வசதியையும் தர்மப் பணத்தில் செய்துவிட்டு, அந்தச் செலவுக்கென்று ஒதுக்கிய நிதியை நிர்வாகம் வேறுபக்கம் திருப்புமானால் கொடை வீண். அதற்காகவே, வழக்கமான ஒதுக்கீட்டைக் குறைக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் உயிலில் சேர்த்து, ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கை உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளருக்கோ அறங்காவலர்களுக்கோ அளிக்கும்படி கேட்கலாம்.

நிர்வாகங்களும் தம் பங்குக்கு, எந்தெந்த வார்டில் பணியாளர்களுக்கு எந்த வசதி இல்லை, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதைச் செவிலியரையும் துப்புரவுப் பணியாளரையும் கேட்டுத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். உயில் எழுத வழக்கறிஞரிடம் செல்பவர் அந்தப் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை நிர்வாக அலுவலர் ஒருவர்