மண்வெட்டியைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரின் டிசம்பர் 16 வெற்றி நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரையைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் ஜெனரல் நியாஜி சரணடைந்து கையெழுத்திடும் படம், பக்கத்தில் நம் ஜெனரல் அரோரா, சரணடைந்த சுமார் 93,000 பேர், மேக்னா ஆற்றை ஹெலிகாப்டரில் கடந்த கதை, எல்லாம் சரி. கீழே உங்கள் ஓவியர் காலாட்படையை வரைந்திருக்கிறார். துப்பாக்கியை நீட்டியபடி பத்துப் பன்னிரண்டு பேர் ஓடுகிறார்கள். ஒருவர் பூட்சிலும் சேறு இல்லை. ஒருவர் முதுகிலும் மண்வெட்டி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1971-இல் கிழக்கு முனையில், இன்றைய வங்கதேசத்தில், நான் சிப்பாய். வயது 21. போர் 13 நாள் நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 13 நாளில் நான் எத்தனை முறை சுட்டேன் என்று யோசித்தால் ஓரளவு சொல்லிவிடுவேன். எத்தனை குழி வெட்டினேன் என்பதற்குத்தான் கணக்கே இல்லை. காலாட்படை என்று பெயரில் காலை வைத்தவர்கள் கையையும் சேர்த்திருக்கலாம்.

ஓர் இடத்தைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அப்போதுதான் ஆரம்பிக்கும். நேற்றுவரை எதிரி இருந்த இடம் அது. அங்கே குண்டு போட எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பது அவனுடைய பீரங்கிக்காரனுக்கு மனப்பாடம். எதிர்த்தாக்குதலும் வரும். ஆகவே மூச்சு வாங்கி முடிப்பதற்குள் 'கைந்தி, பேல்ச்சா எடு' என்று சத்தம் கேட்கும். பட்டாளத்து இந்தியில் அது பிக்காசும் மண்வெட்டியும். ஒரு மோர்ச்சாவுக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, இரண்டு பேர். ஒருவன் வெட்டுவான், மற்றவன் துப்பாக்கியோடு படுத்து முன்னால் பார்த்துக்கொண்டிருப்பான். நின்றால் மார்பளவு வர வேண்டும். விடிவதற்குள் முடிய வேண்டும்.

வங்காள மண் மெத்தென்றிருக்கும், வெட்டச் சுலபம். ஆனால் இரண்டடி போனதும் பல இடங்களில் தண்ணீர் ஊறிவிடும். முழங்கால் வரை அதிலேயே நிற்போம். இரண்டு ஜோடி காலுறை. ஒன்று காலில், இன்னொன்று சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி, உடம்புச் சூட்டில் காயும். காய்ந்ததாக நாங்களே சொல்லிக்கொள்வோம். கழற்றிப் பார்த்தால் பாதம் ஊறவைத்த அரிசி மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ராவை அந்தப் போரில் கிழக்கில் பெற்ற ஒரே ஆள் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா, 14 கார்ட்ஸ் பட்டாலியன். அகர்தலாவை அடுத்த கங்காசாகரில் பங்கர்களைத் தகர்த்துவிட்டு உயிரை விட்டார். அவர் பெயரை நீங்கள் பெட்டி கட்டிப் போட்டது நியாயம். ஆனால் அந்த இடத்தைப் பிடித்த பிறகு அவருடைய செக்‌ஷனில் மிஞ்சியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெட்டியிருப்பார்கள்.

என் ஜோடிக்காரன் மலையாளி. கிணறு வெட்டுகிற குடும்பம். ஒருநாள் இரவு இடுப்பளவு வந்ததும் 'போதுமடா' என்று உட்கார்ந்துவிட்டேன். கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு அவனே இன்னும் ஓரடி வெட்டினான். காலையில் ஷெல் விழுந்தபோது சில்லுகள் தலைக்கு மேலே போயின. அந்த ஓரடி இல்லையென்றால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது. இரண்டு நாள் கழித்து வரப்பில் நடக்கும்போது கண்ணிவெடியில் போய்விட்டான். அவனுக்கும் நாங்கள்தான் வெட்டினோம்.

வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இதெல்லாம் இருக்காது. 99 ஏபிஓ என்று ராணுவத் தபால் நிலைய முகவரி போட்டு 'நலம்' என்று எழுதுவேன், அவ்வளவுதான். எங்களுக்கு இருந்தது கொஞ்சம் நிலம். மண்வெட்டியிலிருந்து தப்பிக்கத்தான் பட்டாளத்தில் சேர்ந்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் சிரிப்பாரே என்று பயம்.

உங்கள் முதல் படத்தில் அந்தக் கையெழுத்து விழுந்த சாயங்காலம் நாங்கள் டாக்காவிலிருந்து வெகுதூரத்தில் ஒரு குளக்கரையில் வெட்டிக்கொண்டிருந்தோம். சண்டை முடிந்துவிட்டதாக டிரான்சிஸ்டரில் கேட்டதும் மண்வெட்டியைக் கீழே போட்டேன். ஹவில்தார் முறைத்தார். "ரேடியோ சொன்னால் ஆயிற்றா? கம்பெனி கமாண்டர் சொல்லட்டும். வெட்டு." மார்பளவு வரும்வரை வெட்டி முடித்தோம். நான் வெட்டியதிலேயே ஒழுங்காக அமைந்த மோர்ச்சா அதுதான். யாரும் இறங்கவேயில்லை.

அடுத்த டிசம்பரில் படம் போடும்போது ஓவியரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். மண்வெட்டி முதுகில் எந்தப் பக்கம் தொங்கும், நடக்கும்போது எங்கே இடிக்கும் என்று விவரமாகச் சொல்கிறேன். போனில் வேண்டாம், ஷெல் சத்தத்தில் போன காது. கடிதம் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், காலாட்படை