வௌவாலை ஒழித்தால் நோய் ஒழியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

காட்டு விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றும் நோய்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கடைசிப் பத்தியில், "நோய் பரப்பும் வௌவால்களை அடியோடு ஒழிப்பதே நிரந்தரத் தீர்வு" என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அச்சுக்கு அனுப்பியவர் தாங்கள் என்பதால் தங்களிடமே முறையிடுகிறேன்.

உகாண்டாவின் கிட்டாகா சுரங்கத்தில் நடந்தது தாங்கள் அறியாததல்ல. 2007-ல் அங்கே வேலை செய்தவர்களுக்கு மார்பர்க் என்ற கொடிய வைரஸ் காய்ச்சல் வந்தது. சுரங்கத்துக்குள் குடியிருந்த பழந்தின்னி வௌவால்களை அப்புறம் மொத்தமாக ஒழித்தார்கள். நோய் ஒழிந்ததா? 2012-ல் அதே வட்டாரத்தில் மார்பர்க் திரும்பி வந்தது. ஆய்வாளர்கள் சுரங்கத்துக்குப் போனபோது புதிய வௌவால்கள் குடியேறியிருந்தன. முன்பு நூற்றுக்கு ஐந்து வௌவால்களிடம் இருந்த கிருமி, இப்போது நூற்றுக்குப் பதின்மூன்றில் இருந்தது. பழைய கூட்டத்தில் பல வௌவால்கள் நோய் வந்து தேறி, எதிர்ப்புச் சக்தியோடு இருந்திருக்கும். அவற்றைக் கொன்று இடத்தைக் காலி செய்தால், எதிர்ப்புச் சக்தி இல்லாதவை வந்து நிரம்பும். கிருமிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆஸ்திரேலியாவில் வௌவால்களிடமிருந்து குதிரைகளுக்கும், குதிரைகளிடமிருந்து மனிதர்களுக்கும் பரவிய ஹென்ட்ரா நோயை நீண்ட காலம் கவனித்தவர்கள் சொல்வதும் இதற்கு நெருக்கமானதுதான். காடு அழிந்து இரை குறைந்த குளிர்காலங்களில் வௌவால்கள் பண்ணைகளுக்கும் தோட்டங்களுக்கும் வந்தன, நோய் தாவியது. காட்டு மரங்கள் நன்றாகப் பூத்த குளிர்காலங்களில் அவை காட்டுக்கே திரும்பிப் போயின, நோய் தாவவில்லை. குதிரைகளுக்கு 2012-ல் தடுப்பூசியும் வந்தது. வங்கதேசத்தில் நிபா பரவ முக்கியக் காரணமாக இருந்தது, இரவில் வௌவால்கள் நக்கிய ஈச்சம் பதநீரைக் காய்ச்சாமல் குடித்தது. அதைத் தடுக்க ஆய்வாளர்கள் முயன்று பார்த்தது, மரத்தில் சீவிய இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடுவது. ஒரு வௌவாலையும் கொல்லவில்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு 'அடியோடு ஒழிப்பது' என்று எழுத எப்படி மனம் வந்தது?

இந்த ஒரு வரிக்காக மட்டும் நான் பேனாவை எடுக்கவில்லை. இப்படியொரு நோய் வரும்போதெல்லாம் தங்கள் பத்திரிகையில் நான்கு நிபுணர்களின் கருத்து வரும். அதில் ஒரு கால்நடை மருத்துவர்கூட இருந்ததாக எனக்கு நினைவில்லை. 'மாட்டு டாக்டர்' இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கலாம். பணிக்காலம் முழுவதும் அதே எண்ணத்தோடுதான் எல்லா அலுவலகங்களும் கால்நடை மருத்துவர்களான எங்களைப் பார்த்தன. ஆகவே எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

காட்டை ஒட்டிய ஓர் ஊரில் வேலை பார்த்தபோது, மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்து, ஒற்றையடிப் பாதையில் குரங்கு செத்துக் கிடப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. காது மடலிலும் கண் ஓரத்திலும் கடுகு கடுகாக உண்ணிகள். உடல் ஆறிவிட்டதால் அவை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பாதையில்தான் பெண்கள் விறகுக்குப் போவார்கள், மாடுகளும் போகும். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் இப்படிச் செத்து விழுந்த பிறகுதான், உண்ணி பரப்பும் காய்ச்சலைக் கண்டுபிடித்தார்கள். அது எனக்குத் தெரியும் என்பதால் பதறிப்போனேன்.

சுகாதார அலுவலகத்துக்குச் சொன்னேன். "மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தால் சொல்லுங்க சார்" என்றார்கள். வனத்துறையில், குரங்கு சாவது சகஜம், புதைத்துவிடுங்கள் என்றார்கள். என் சொந்தத் துறையிலோ காட்டு விலங்கு நம் பொறுப்பில் வராது என்று சொல்லிவிட்டார்கள். கையுறை, முகக்கவசம் போட்டு நானே மாதிரி எடுத்து, எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று எழுத்துமூலம் கேட்டேன். பதில் வருவதற்குள் மாதிரி கெட்டுவிட்டது. அந்தக் குரங்கு எந்த நோயால் செத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் அக்கறையும் இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1999-ல் நியூயார்க்கில் காக்கைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, அது செயின்ட் லூயிஸ் மூளையழற்சி என்று சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையின் நோய்க்குறியியல் வல்லுநர் ட்ரேசி மெக்னமாரா ஒரு கால்நடை மருத்துவர். அந்த நோய் பறவைகளை இப்படிக் கொல்லாது, இங்கே ஃபிளமிங்கோக்கள்கூடச் சாகின்றன, வேறு ஏதோ கிருமி இது என்று அவர் விடாமல் சொன்னார். அவர் அனுப்பிய மாதிரிகள் வழியாகத்தான் அது வெஸ்ட் நைல் என்ற வேறொரு வைரஸ் என்று தெரியவந்தது.

அதே காலத்தில் மலேசியாவில், நிபாவை முதலில் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பன்றிகளோ கொட்டிலில் குரைப்பது போல இருமிக்கொண்டிருந்தன. கொட்டிலை ஒட்டி நின்ற பழ மரங்களுக்கு வௌவால்கள் வந்துபோயின. நோயில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளோடு புழங்கிய பெரியவர்கள். எல்லாம் கண்முன்னே இருந்தும் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

பிரேசிலில் 2017 வாக்கில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது மக்கள் குரங்குகளை அடித்துக் கொன்றார்கள். நோயைப் பரப்புவது கொசு. குரங்கு அந்த நோயில் நமக்கு முன்னால் சாகிறது. அதன் சாவை வைத்துத்தான் எந்த ஊருக்கு முதலில் தடுப்பூசி போடுவது என்று முடிவு செய்வார்கள். குரங்கைக் கொல்லாதீர்கள் என்று அரசே கெஞ்ச வேண்டியிருந்தது. 'ஒழிப்போம்' என்று அச்சில் வரும் ஒரு வரி யார் கையில் தடியைக் கொடுக்கும் என்பதைத் தாங்கள் யோசித்திருக்க வேண்டாமா?

உலக சுகாதார நிறுவனம், ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு, உலக விலங்கு சுகாதார அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆகிய நான்கும், மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலனையும் ஒன்றாகப் பார்க்கும் 'ஒரே சுகாதாரம்' என்ற பெயரில் ஒன்றாக உட்கார்ந்து திட்டம் போடுகின்றன. நல்லதுதான். கீழே மூன்று துறை அலுவலகங்கள் ஒரு தொலைபேசி அழைப்பை ஏற்காத வரை அந்தத் திட்டம் எங்கே இறங்கும்? இதைப் பற்றித் தங்கள் நிருபர் ஒருவர் ஒரு நாள் விசாரித்து எழுதியிருக்கலாம். சிவந்த கண்களுடன் வௌவால் படம் போடுவதற்கு இருந்த இடம் அதற்கு இல்லாமல் போய்விட்டது.

கட்டுரைக்கு மறுப்பு வெளியிடுங்கள் என்று கேட்கப் போவதில்லை. இனி இத்தகைய செய்தி வரும்போது பக்கத்தில் சிறு கட்டம் ஒன்று போடுங்கள். காட்டு விலங்கோ பறவைகளோ செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது, குழந்தைகளையும் நாய்களையும் அண்ட விடக் கூடாது, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கால்நடை அலுவலகத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். கூடவே அந்த அலுவலகங்களின் தொலைபேசி எண்களையும் போடுங்கள். அச்சிடும் முன் அந்த எண்களுக்கு ஒருமுறை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர்