பென்டிரைவைக் கழற்றிய பிறகும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம். 'யாரும் வேவு பார்க்கக் கூடாதென்றுதானே டெபியன் லினக்ஸுக்கு வந்தேன், இங்கேயும் ஸைட்கைஸ்ட் என்று ஒன்று உட்கார்ந்து குறிப்பெடுக்கிறதே' என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஸைட்கைஸ்ட் எதையும் இணையத்துக்கு அனுப்புவதில்லை. எந்தக் கோப்பை, எந்தச் செயலியில், எப்போது திறந்தாய் என்று உன் வட்டிலேயே எழுதி வைக்கும், அவ்வளவுதான். 2011இல் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 11.04 பதிப்பில் யூனிட்டி முகப்பு சமீபத்திய கோப்புகளைக் காட்டியது இதை வைத்துத்தான். 2012இல் உபுண்டு 12.10 தேடல் சொற்களை வெளியே அனுப்பியது வேறு விவகாரம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஆனால் வட்டு யார் கையில் சிக்குகிறதோ, குறிப்பும் அவர் கையில். உன் ஹோம் கோப்புறையில் டாட் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஸைட்கைஸ்ட். அங்கே ஆக்டிவிட்டி டாட் எஸ்கியூலைட் என்ற கோப்பு இருக்கும். அது ஒரு தரவுத்தளம். எஸ்கியூலைட்3 கட்டளை கொண்டு திறந்து, கோப்பு முகவரிகள் இருக்கும் யூஆர்ஐ அட்டவணையைப் பார். லக்ஸ் என்ற குறியாக்கம் போட்டுப் பூட்டிய பென்டிரைவிலிருந்து நீ திறந்த ஆவணத்தின் பெயரும் முழுப் பாதையும் அங்கே பச்சையாக நிற்கலாம். பென்டிரைவைக் கழற்றிவிட்டாலும் அந்த வரி போகாது. திறந்த நேரம் ஈவென்ட் அட்டவணையில் மில்லிசெகண்டில் இருக்கும். 1000ஆல் வகுத்து, விநாடியாக்கிப் படி.

பின்னணியில் ஓடும் ஸைட்கைஸ்ட் நிரலை, அதாவது டீமனை, வெறுமனே கில் செய்து நிறுத்தாதே. ஏதாவது ஒரு செயலி கேட்டவுடன், செயலிகள் ஒன்றோடொன்று பேச உதவும் டி-பஸ் அதை மறுபடி எழுப்பிவிடும். முதலில் 'ஆப்டிட்யூட் வொய்' கட்டளை கொடுத்து எந்த மென்பொருள் பொதி அதை இழுத்து வந்தது என்று பார். பிறகு ஸைட்கைஸ்ட்-கோர், ஸைட்கைஸ்ட்-டேட்டாஹப் இரண்டு பொதிகளையும் 'ஆப்ட் பர்ஜ்' கட்டளையால் அடியோடு நீக்கு. ஒய் அழுத்துமுன் நீக்கப் போகும் பட்டியலை வரி வரியாகப் படி. லிப்ஸைட்கைஸ்ட் என்ற நிரலகத்தைத் தொடாதே, வேறு செயலிகள் அதைச் சார்ந்திருக்கலாம், டீமன் இல்லாமல் அது தானாக எதையும் எழுதாது. பரிந்துரைப் பொதியாக வந்தது என்று தெரிந்தால், அடுத்த முறை நிறுவும்போது 'நோ இன்ஸ்டால் ரெகமெண்ட்ஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொள்.

பர்ஜ் உன் ஹோமைத் தொடாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஸைட்கைஸ்ட் கோப்புறையை நீயே அழிக்க வேண்டும். உன் வட்டு எஸ்எஸ்டி என்றால், கோப்பின் மேலேயே எழுதி அழிக்கும் ஷ்ரெட் கட்டளையை நம்பாதே. புதிதாக எழுதுவது வேறு செல்களுக்குப் போய்விடும், பழையது கிடந்த இடத்திலேயே கிடக்கலாம். அதனால் அடுத்த நிறுவலில் நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப் பகுதி உட்பட முழு வட்டையும் லக்ஸில் போடு.

இன்னும் இரண்டு இடம். அதே ஷேர் கோப்புறையில், சமீபத்தில் திறந்தவற்றின் பட்டியலாக ரீசென்ட்லி-யூஸ்டு டாட் எக்ஸ்பிஇஎல் இருக்கிறது. அதை அழித்துவிட்டு, க்னோம் டெஸ்க்டாப் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் கோப்பு வரலாற்றை அணைத்துவிடு. அடுத்தது ஹோமில் டாட் கேஷுக்குள் இருக்கும் தம்ப்நெயில்ஸ், அதாவது படங்களின் முன்னோட்டங்கள். படத்தை அழித்த பிறகும் அதன் சிறிய நகல் அங்கே கிடக்கும். கோப்பின் பெயர் எம்டி5 எண்ணெழுத்துக் குவியலாகத் தெரியும், ஆனால் அந்தப் பிஎன்ஜிக்குள்ளேயே மூலப் படத்தின் முழுப் பாதை எழுதியிருக்கும். அதையும் காலி செய்.

ஆப்டிட்யூட் என்ன காட்டியது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்