இடுக்கண் வந்தபோது அவர் சிரித்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கஷ்டம் வரும்போது மனதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று ஆரம்பித்து, சிரித்த முகத்தோடு நிற்பவன் எழுந்துவிடுவான், அழுது புலம்புகிறவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான் என்று முடித்திருந்தார்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்களுக்குப் பேராவூரணி பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வருகிற வருஷமும் உண்டு, வராத வருஷமும் உண்டு என்பதால் என் மாமனார் காலத்திலேயே நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு மூன்று ஏக்கர், வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தனாருக்கு மூன்று ஏக்கர். ஆளுக்கு இருநூறு மரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. விடிவதற்குள் கஜா புயல் கடந்து போய்விட்டது. வேதாரண்யம் பக்கம்தான் காற்று, நமக்கு மழை மட்டும்தான் என்று நினைத்துப் படுத்திருந்தோம். ராத்திரியெல்லாம் தோப்புக்குள் மடார் மடார் என்று சத்தம். காலையில் கதவைத் திறந்தால் வாசலிலிருந்து மெயின்ரோடு தெரிந்தது. கல்யாணமாகி வந்த முப்பத்தைந்து வருஷத்தில் எங்கள் வாசலில் நின்று நான் ரோட்டைப் பார்த்ததே கிடையாது. எங்கள் தோப்பில் 17 மரம் நின்றது. கொழுந்தனார் தோப்பில் 11.

கொழுந்தனார் அழுதார். சும்மா கண் கலங்கியதைச் சொல்லவில்லை. விழுந்த மரத்தைக் கட்டிக்கொண்டு, "இது அப்பா வச்சது, இது எனக்கு வயசுக்கு மூத்தது" என்று மரம் மரமாகப் போய் அழுதார். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பொம்பளை மாதிரி அழுகிறானே என்று ஊரில் பேசினார்கள். (பொம்பளைகள் நாங்கள் அன்றைக்கு அழ நேரமில்லாமல், அடுப்புக்கு நனையாத விறகு எங்கே கிடைக்கும் என்று அலைந்துகொண்டிருந்தோம். அது வேறு விஷயம்.)

என் வீட்டுக்காரர் சிரித்தார். விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் இளநீர் சீவிக் கொடுத்தார். "ஏற ஆள் தேட வேண்டாம், குனிஞ்சா இளநீர்" என்றார். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டியபோது, "மரம்தானே போச்சு, நாங்க இருக்கோம்ல" என்றார். இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊரே மெச்சியது. நானும் பெருமைப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் கொழுந்தனார் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போனார். எந்த மரம் வருஷம் தவறாமல் காய்க்கும், எது பேருக்கு நிற்கும் என்று அவருக்கு அத்துப்படி. நல்ல மரமாகப் பார்த்து, விழுந்து கிடந்த குலைகளிலிருந்து முற்றிய நெற்றாகப் பொறுக்கினார். கிணற்றடியில் மணல் பரப்பி நாற்றங்கால் போட்டார். ஒவ்வொரு காயையும் படுக்கவைத்து மணலால் மூடும்போதுகூட மூக்கைச் சிந்திக்கொண்டேதான் இருந்தார். மோட்டார் போட வழியில்லை. புயலில் ஒரு லட்சத்துக்கும் மேலே மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும்கூட ஆட்கள் வந்து கம்பம் நட்டும், எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை குடத்தில் இறைத்து ஊற்றினார். 340 காய் போட்டதில் முக்கால்வாசி முளைத்தது.

என் வீட்டுக்காரர் ஒன்றும் செய்யவில்லை. அரசாங்கம் மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம் பாங்கில் கிடந்தது, மரங்கள் தோப்பில் கிடந்தன. ஆள் கூப்பிட்டு அறுக்கச் சொன்னால், "பார்க்கலாம், இப்ப என்ன அவசரம்" என்பார். கிடந்த மரங்கள் மக்கி, அதில் காண்டாமிருக வண்டு பெருகியது. நின்ற பதினேழில் ஐந்து மரத்தின் குருத்தைக் குடைந்து தின்றது. மற்ற மரங்களுக்கு மட்டை இடுக்கில் அந்துருண்டை வைத்து மணல் போட்டது நானும் மகளும் பிடித்துவந்த கூலி ஆளும்தான்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். டீக்கடைக்குத் தோப்பு வழியாகப் போனால் ஐந்து நிமிஷம். அவர் குளத்தங்கரையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார். புயலுக்குப் பிறகு பதினொரு மாதம் தோப்புப் பக்கம் அவர் முகத்தைத் திருப்பவே இல்லை. டீக்கடையில் மட்டும் அதே சிரிப்பு, அதே இளநீர் ஜோக். சிங்கப்பூரிலிருந்து மகன் தினமும் வாட்ஸ்அப்பில் சூரியன் உதிக்கிற படம் போட்டு, பாஸிட்டிவாக இருங்கப்பா என்று அனுப்புவான். இவர் உடனே கட்டை விரலைத் தூக்கிக் காட்டிப் பதில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்.

அவரை எழுப்பியது யாருடைய புத்திமதியும் இல்லை. ஒரு நாள் காலையில் கொழுந்தனார் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, குழிக்கு அளக்கணும். இந்தக் கயித்துத் தலைப்பைக் கொஞ்சம் பிடிங்க." இருபத்தைந்து அடிக்கு ஒரு குச்சி. மத்தியானத்துக்குள் நாற்பது குச்சி அடித்துவிட்டார்கள். மறுநாள், "இந்தக் குழி மூணடி இருக்கான்னு பாருங்கண்ணே." அதற்கு மறுநாள் வேறு ஏதோ. தம்பி தோப்பில் ஆரம்பித்த கயிறு பத்து நாளில் வரப்பைத் தாண்டி எங்கள் தோப்புக்கு வந்தது. கிடந்த மரங்களை அதற்குள் அறுத்தாக வேண்டியிருந்தது, அறுத்தார்கள். 2019 ஐப்பசி மழைக்குத் தென்னம்பிள்ளை வைத்தோம். எல்லாம் அந்தக் கிணற்றடியில் முளைத்த பிள்ளைகள், விழுந்த மரங்களின் பிள்ளைகள்.

அவருக்கு ஆறுதலாக என்ன சொன்னீர்கள் என்று பிறகு கொழுந்தனாரிடம் கேட்டேன். "கவலைப்படாதேன்னு சொல்ல நான் யாரு அண்ணி, நானே அழுதுகிட்டுத்தான் இருக்கேன். கயித்துக்கு ரெண்டு ஆளு வேணும்ல" என்றார்.

'நகுக' என்ற குறளை எல்லோரும் சொல்கிறார்கள். அதே அதிகாரத்தில் மூன்று குறள் தள்ளி ஒரு மாடு வருகிறது, பேத்தியின் புத்தகத்தில் பார்த்தேன். வண்டி சிக்கிக்கொள்ளும் இடமெல்லாம் விடாமல் இழுக்கும் மாடு போன்றவனிடம் துன்பமே துன்பப்பட்டுப் போகும் என்கிறார் வள்ளுவர். சேற்றில் வண்டி இழுக்கிற மாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நுரை தள்ளும், முட்டி போடும், எழும். அது சிரித்துப் பார்த்ததில்லை. அப்புறம், எங்கள் பக்கம் பாரவண்டிக்கு ஒற்றை மாடு பூட்டுவதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் குத்தகைக்குத் தோப்பு பார்த்தார். பட்டா வேறொருவர் பெயரில் இருந்ததால் நிவாரணம் பட்டாதாரருக்குப் போயிற்று. இவர் கையில் ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். மனசு வைத்திருந்தால் இங்கேயே எழுந்திருக்கலாமே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. மனசை எந்த மண்ணில் நடுவது? எங்களுக்கு நிலம் இருந்தது, பாங்கில் பணம் இருந்தது, வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி இருந்தார். அந்தக் குத்தகைக்காரரையும் எங்களையும் ஒரே தராசில் நிறுத்தி மனவலிமை பார்ப்பது நியாயமில்லை.

ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கட்டுரைகளின் கீழே அரசின் 104 எண்ணையும் போடுங்கள். மனசு சரியில்லை என்றால் அதில் கூப்பிட்டுப் பேசலாம் என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். சிரிக்கிற ஆளை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை, நாங்களும் போகவில்லை.

என் பெயரைப் போட வேண்டாம். காலையில் பேப்பரை முதலில் பிரிப்பவர் என் வீட்டுக்காரர்தான். குளத்தங்கரை வழி என்று படித்ததுமே எழுதியது யார் என்று தெரிந்துவிடும், அதனால் பெயரை மறைத்துப் பயனில்லைதான். இருந்தாலும் வேண்டாம். அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி நானும் அவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்