எண்ணை மட்டும் அனுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். பார்சலில் உன் ஆஸ்துமாவுக்காக இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் ஒன்றும், ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். தம்பி கீழே போட்ட பழைய மீட்டரை இனி நம்பாதே, தூக்கிப் போட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசினாய். "மாடி ஏறி வந்தேன்ப்பா, அதான்" என்றாய். நீ இருப்பது தரைத்தளம் என்பது போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சரி, அதை விடு. புது வீட்டு ஜன்னலைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

படுக்கையறைக்கு ஒரே ஜன்னல் என்றாய். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. எதிர்ப்பக்கம் வெளியேற வழி வேண்டும். அறைக் கதவையும் சமையலறை ஜன்னலையும் சேர்த்துத் திறந்து வை. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் அப்படித்தான். கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாவிட்டால் உள்ளே காற்று வராது, ஃபேன் சும்மா சுற்றும். குளித்து முடித்த பிறகும் 20 நிமிஷம் ஓடட்டும். சுவர் மூலையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. பெயிண்ட் அடித்து மறைத்தால் திரும்ப வரும், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்து. விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒரு தரம் 60 டிகிரி வெந்நீரில் துவை. பச்சைத் தண்ணீரில் தூசிப் பூச்சி சாகாது. அறைக்குள் எந்தப் புகையும் வேண்டாம். வாசனைக்காக ஏற்றுவதும் புகைதான்.

ஜன்னல் ஜன்னல் என்று எழுதிக்கொண்டே போகிறேன். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் வீக்கத்துக்கு ஜன்னல் போதாது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நீ அனுப்பும் பூப் படங்கள் காலை 3:50, 4:10 என்று வருகின்றன. விடியற்காலையில் எல்லாருக்குமே மூச்சுக்குழாய் கொஞ்சம் சுருங்கும். நல்ல நெஞ்சுக்கு அது தெரியாது. உள்ளே வீங்கிக் கிடக்கும் நெஞ்சைத்தான் அது எழுப்பி உட்கார வைக்கும்.

நீல இன்ஹேலரை எத்தனை தரம் இழுக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு நீல இன்ஹேலரில் 200 பஃப். வருஷத்துக்கு மூன்று காலியானாலே நோய் திடீரென்று முற்றும் அபாயம் கூடிவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒன்று காலியாகிறவர்களுக்கு உயிருக்கே அபாயம் அதிகம். மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுவது ஒரு கோளாறு. உள்சுவர் வீங்கிச் சளி கட்டுவது இன்னொன்று. நீலத்தில் இருக்கும் சால்பியூட்டமால் தசையை மட்டும்தான் தளர்த்தும். ஐந்து நிமிஷத்தில் சுகம் தெரியும், நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். வீக்கம் அதுபாட்டுக்கு உள்ளே வளரும். பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் நீலத்தை மட்டும் வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019லேயே சொல்லிவிட்டது. வீக்கத்தை இறக்குவது தினமும் இழுக்கும் அந்த ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். அது அன்றைக்கே சுகம் தராது, நாள் எடுக்கும். அதனால்தான் எல்லாரும் அதை முதலில் நிறுத்துகிறார்கள். ஸ்டீராய்டு என்று பயந்தாயானால், மாத்திரை மில்லிகிராம் கணக்கு, இது மைக்ரோகிராம் கணக்கு. ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தினமும் இழுப்பது மறந்துபோகிறது என்றால் டாக்டரிடம் வீக்கத்தை இறக்கும் பூடசோனைடும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலரைப் பற்றிக் கேள். உன் நிலைக்குப் பொருந்தினால், தேவைப்படும்போது அதையே இழுக்கலாம். வீக்கத்துக்கும் சேர்த்து மருந்து போய்விடும். இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பு. விழுங்காதே.

இழுக்கிற முறை உனக்குத் தெரியும். எட்டு வயதில் என் வார்டுக்கு வந்து பெரியவர்களுக்கே செய்து காட்டியவள் நீ, எனக்கு அப்போது எவ்வளவு பெருமை! ஆனாலும் பழகிய கைதான் தப்பு பண்ணும். மூடியைக் கழற்றி வாய்ப்பகுதிக்குள் ஏதாவது அடைத்திருக்கிறதா பார். நன்றாகக் குலுக்கு. மூச்சை முழுக்க வெளியே விடு. ஸ்பேசரை வாயில் இறுக்கிப் பிடித்து ஒரு தரம் அழுத்து, ஒரே ஒரு தரம். உடனே மெதுவாக, மூன்று நான்கு விநாடி நீளத்துக்கு உள்ளே இழு. பிறகு பத்து விநாடி அடக்கு. அடுத்த பஃபுக்கு அரை நிமிஷம் பொறுத்து மறுபடி குலுக்கு. இரண்டைச் சேர்த்து அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவரில் படிந்துவிடும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி நின்றுவிடும். பவுடர் இன்ஹேலர் தந்தால் மட்டும் நேர் எதிர்: வேகமாக, ஆழமாக இழுக்கணும், அந்த இன்ஹேலருக்குள் மூச்சை விடவே கூடாது, ஈரத்தில் பவுடர் கட்டிப்படும். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காயவிடு. துணியால் துடைக்காதே. துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். மீதி எவ்வளவு என்று மருந்துக் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் வேண்டாம், பின்பக்க எண்ணைப் பார். மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு வந்துகொண்டிருக்கும்.

இவ்வளவும் தெரிந்தவள் ஏன் சொல்லாமல் இருக்கிறாய் என்று இரண்டு நாள் கோபமாக இருந்தேன். நேற்றுதான் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்பு முகாமுக்குக் கிளம்பும்போது உன் இன்ஹேலரைக் காலுறைக்குள் சுருட்டிப் பையின் அடியில் வைத்தவன் நான். "யாரும் பார்க்காம பாத்ரூம்ல போய் இழும்மா" என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். வருகிற நோயாளிகளிடமெல்லாம் இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவன், சொந்தப் பிள்ளைக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தேன். தப்பு என்னுடையது பாப்பா. மாடி ஏறினேன் என்று நீ சொன்னது நான் கற்றுக்கொடுத்ததுதான். அலுவலகத்தில் மேசை மேல் வை. பக்கத்தில் உட்காருகிறவருக்கு இது என்ன, எங்கே இருக்கும் என்று சொல்லி வை.

அவருக்கு இதையும் சொல்லு. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை என்றால் அது அவசரம். நிமிர்ந்து உட்கார், படுக்காதே. ஸ்பேசரில் நீலம் ஒரு பஃப், நான்கு மூச்சு. இப்படி நான்கு பஃப். நான்கு நிமிஷம் பார். இறங்கவில்லையா, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு மறுபடி நான்கு. வீசிங் சத்தம் நின்றுவிட்டதே என்று நிம்மதிப்படக் கூடாது. உள்ளே காற்றே போகாவிட்டாலும் சத்தம் வராது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நம்பி உட்காராதே. ஆக்ஸிஜன் கடைசியில்தான் இறங்கும். 92க்குக் கீழே வரும்வரை காத்திருக்கக் கூடாது. முன்பு இழுத்த நீலம் நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் அன்றைக்கே டாக்டர்.

வாயைக் கொப்பளி, மறக்காதே.

மீட்டரை நாளைக் காலையில், மருந்து இழுப்பதற்கு முன்னால் ஊதிப் பார். நின்றுகொண்டு, முள்ளை அடியில் வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில். நாக்கு குறுக்கே வரக் கூடாது. மூன்று தரம் ஊது. சராசரி வேண்டாம், பெரிய எண்தான் கணக்கு. உன் நல்ல நாள் எண் 420. 336க்கு மேல் இருந்தால் சரி. 336க்கும் 210க்கும் நடுவில் இருந்தால் அந்த வாரமே டாக்டரைப் பார்க்கணும். 210க்குக் கீழே என்றால் நீலத்தை இழுத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரி, எனக்குப் பிறகு சொல்லலாம்.

காரணம், விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். அந்த எண்ணை மட்டும் அனுப்பு. எத்தனை மணிக்கானாலும் பரவாயில்லை, நான் முழித்துத்தான் இருப்பேன்.

அப்பா