மாத்திரை அட்டையில் பாலூட்டும் எங்களுக்கும் ஒரு வரி வேண்டும்

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். நாலு மாதமாக எழுத நினைத்து, கோபம் கொஞ்சம் தணியட்டும் என்று தள்ளிப்போட்டேன். தணியவில்லை.

என் மகள் பிறந்து இருபத்தாறாம் நாள். பிரசவத்துக்கு வந்த அம்மா வீட்டில், திண்டுக்கல்லில் இருந்தேன். ராத்திரி ஒன்பதரைக்குக் குளிர் காய்ச்சல், தலை பிளக்கிற வலி. அப்பா தெருமுனை மருந்துக் கடைக்கு ஓடினார். கடையில் இருந்த பையன் அட்டையிலிருந்து மூன்று மாத்திரையைக் கத்தரியால் நறுக்கி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறான். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. அப்பாதான் வாய்விட்டு, "பச்ச உடம்புக்காரிப்பா, கொழந்தைக்குப் பால் குடுக்குறா" என்றிருக்கிறார். "அப்படியா? அப்ப மாத்திர போட்டா மூணு நாளைக்குப் பால் குடுக்க வேண்டாம்னு சொல்லிருங்க." அவ்வளவுதான் பதில்.

அந்த நறுக்கிய துண்டில் மருந்தின் பெயரில் கடைசி மூன்று எழுத்து மட்டும் இருந்தது. என்ன மருந்து, எவ்வளவு மில்லிகிராம், எதுவும் இல்லை. அதெல்லாம் கடையிலேயே தங்கிவிட்ட மீதி அட்டையில் இருந்தது.

மாத்திரையைப் போட்டேன். காய்ச்சல் இறங்கியது. மூன்று நாள் மகளுக்குப் பால் கொடுக்கவில்லை. அந்த மூன்று நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பீச்சி வாஷ்பேசினில் ஊற்றினேன். பக்கத்து அறையில் பசியில் அவள் வீறிடுவது கேட்கும். கேட்டதும் பால் தானாக இறங்கி நைட்டி நனையும். அம்மா பால் பவுடரைக் கரைத்துப் பாலாடையில் புகட்டினாள். இரண்டாம் நாள் ராத்திரி மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. பார்க்க வந்த பெரியம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னார். பால் வற்றுவதற்குச் செய்வது அது. நானோ வற்றிவிடக் கூடாதே என்று அழுதுகொண்டிருந்தேன்.

அந்தப் பால் பவுடர் டின்னில் தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட்டிருந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி அச்சிட வைத்திருக்கிறது. அதே தாய்ப்பாலை நான் கொட்டக் காரணமான மாத்திரையில், அதைப் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு வரி இல்லை.

நான்காம் நாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரம்மா கடையில் விசாரித்துவிட்டுச் சொன்னார்: அது வெறும் பாராசிட்டமால். பாலூட்டும் தாய்க்குக் காய்ச்சல் என்றால் முதலில் கொடுப்பதே அதுதான். பாலில் போகும் அளவு மிகக் குறைவு. பச்சைக் குழந்தைக்கே தேவைப்பட்டால் அளவு பார்த்து நேரடியாகக் கொடுக்கும் மருந்து. வலி மாத்திரையான ஐபுப்ரோஃபெனும் பாலூட்டும் தாய் எடுக்கலாமாம். மூன்று நாள் கொட்டியது எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை.

அதன்பின் மகள் மார்பில் வாய் வைக்க மறுத்தாள். பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

எல்லா மாத்திரையும் பாராசிட்டமால் போலச் சாதுவாக இருந்தாலும் விட்டுவிடலாம். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் ஒரே ஒரு வேளை, 60 மில்லிகிராம், ஒரு நாள் பால் சுரப்பை ஏறத்தாழக் கால் பங்கு குறைத்ததாக 2003இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று சொல்கிறது. இருமலுக்கும் வலிக்கும் கொடுக்கும் கோடீனைப் பாலூட்டும் தாய்மார் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017 ஏப்ரலில் எச்சரித்தது. சிலருடைய உடல் அதை வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், அது பால் வழியே குழந்தைக்குப் போகும். கோடீன் சிரப் நம் ஊரில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. எப்படி விற்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பால் கொடுக்கலாம் என்ற மருந்துக்குப் பாலை நிறுத்தச் சொல்லும் அதே கடை, கூடாத மருந்தைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆகவே நான் கேட்பது இது. மருந்து கொடுக்கும் முன் "யாருக்கு? பால் கொடுக்கிறாங்களா?" என்று கடைக்காரர் கேட்க வேண்டும். கொடுக்கலாமா கூடாதா என்பது மருந்தில் தமிழில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

லேபிளில் என்ன அச்சிடுவது என்பது டெல்லியின், மத்திய அரசின் கையில் இருக்கிறது என்பீர்கள். சரி. அங்கே எழுதுங்கள். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சிடச் சொல்லி 2023 டிசம்பரில் டெல்லிதானே உத்தரவிட்டது? குழந்தைக்காக ஒரு வரி போட முடிந்தவர்களுக்கு, அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்காக இன்னொரு வரி போட முடியாதா?

ஆனால் கடை உங்கள் கையில் இருக்கிறது. பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது 1945ஆம் ஆண்டு விதி. நோயாளிக்கு அவர் விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அன்றைக்கு எங்கள் தெருமுனைக் கடையில் மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்ததாம், அப்பா பார்த்திருக்கிறார். ஆள் இல்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப் மத்தியப் பிரதேசத்தில் அத்தனை குழந்தைகளைக் கொன்ற பிறகும், கடையில் யார் நிற்கிறார் என்று பார்க்க ஒருவரும் வரவில்லை என்றால் எங்கள் பயத்தை எங்கே போய்ச் சொல்வது? பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை கட்டிய மாநிலம் இது. அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி நடத்துகிற மாநிலம். மூன்று நாள் நான் வாஷ்பேசினில் ஊற்றியது அந்த வங்கியில் எத்தனை குறைமாதக் குழந்தைக்கு ஆகியிருக்கும்!

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

ஐயா, தயவுசெய்து உங்கள் ஆய்வாளர்கள் கடைக்குப் போகும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள்: மருந்தாளுநர் இருக்கிறாரா, மருந்து பால் கொடுக்கும் தாய்க்கா என்று கேட்கிறாரா, நறுக்கிக் கொடுக்கும் துண்டில் பெயர் இல்லாவிட்டால் உறையில் மருந்தின் பெயரைத் தமிழில் எழுதித் தருகிறாரா. எழுத அரை நிமிடம் ஆகாது. சீட்டில்லாமல் அதிகம் விற்கும் காய்ச்சல், சளி, வலி மருந்துகளில் எவற்றைப் பாலூட்டுவோர் எடுக்கலாம் என்று தமிழில் ஒரு தாள் அச்சிட்டு ஒவ்வொரு கடையிலும் ஒட்டச் செய்யுங்கள்.

அப்பா அந்த மூன்று நாளைப் பற்றி இன்னும் பேசுவதில்லை. தான் வாங்கி வந்த மாத்திரை, தான் வந்து சொன்ன சொல் என்று நினைக்கிறார். அவர் தவறு அதில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால் நம்புவதில்லை. உங்கள் உத்தரவு ஒன்று அந்தக் கடைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் நம்புவார்.

இப்படிக்கு,
பால் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்
திண்டுக்கல்